விலை இறங்கும் நாளுக்கு நம் கொட்டகையில் என்ன தயார்? – அனுபவப் பகிர்வு

நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து, ஐந்து கறவை மாடுகள்:

அனைவருக்கும் வணக்கம். போன வாரம் சொசைட்டியில் (பால் கூட்டுறவுச் சங்கத்தில்) பால் ஊற்றிவிட்டுக் கேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "இன்னும் எத்தனை வருஷம் அம்மா இந்த மாட்டை வைத்து ஓட்ட முடியும்?" என்று கேட்டார். அவரிடம் இருப்பது இரண்டு மாடு, மகன்கள் வெளியூரில். எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியோடு வீடு வந்தேன், இன்னும் இறக்கி வைக்க முடியவில்லை. அதனால் இங்கே கேட்கிறேன்: பால் வருமானம் விழும் நாளில் எப்படித் தாக்குப்பிடிக்கிறீர்கள்? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். எனக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, நாங்கள் காற்றுக்குத்தான் பயந்தோம். 2011 டிசம்பரில் தானே புயல் எங்கள் கொட்டகைக் கூரையைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த கொல்லையில் போட்ட நினைவு அப்படியே இருந்தது. இந்த முறை கூரை நின்றது. அடுத்த இரண்டாம் நாள், சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து சேர்ந்தது. மாடுகளை ஓட்டிக்கொண்டு போய் மேட்டுத் தெருக் கோயில் திடலில் கட்டினோம். கன்றுகளைத் தோளில் தூக்கினோம். வைக்கோல் போரை யார் தூக்குவது?

தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் போரின் மேல்பக்கம் காய்ந்து, பொன் நிறத்தில் நன்றாகத்தான் இருந்தது. பக்கவாட்டில் கையை உள்ளே விட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய பானையைத் தொட்டது போலச் சுட்டது. ஒரு பிடி இழுத்துப் பிரித்தால் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை, மூக்கைப் பிடிக்கும் புளித்த வாடை. மேலாக உருவிய வைக்கோல் பரவாயில்லை என்று நினைத்து நான்கு நாள் போட்டேன். அது என் தவறு. இரண்டு மாடு கழிய ஆரம்பித்தன. நாளுக்கு 34 லிட்டர் ஊற்றிக்கொண்டிருந்தவள் 19 லிட்டருக்கு வந்துவிட்டேன். ஊர் முழுக்க ஒரே வாரத்தில் வைக்கோல் தேடியதால் லாரிக்காரர் சொன்னதுதான் விலை. அந்த மாதப் பால் பணம் வைக்கோலுக்கும் புண்ணாக்குக்கும் போய், மருந்துக் கடைக்குக் கடன் நின்றது.

பால் விலை குறைந்ததால் வந்த நஷ்டம் இல்லை இது. விலை அப்படியேதான் இருந்தது. மாடு வளர்ப்பில் 100 ரூபாய் செலவென்றால் 60 முதல் 70 ரூபாய் தீவனத்துக்குத்தான் போகிறது. அந்த 70 ரூபாயை முழுக்க வெளியார் கையில் கொடுத்து வைத்திருந்தேன் என்பது அன்றுதான் உறைத்தது. மேட்டுக் கொல்லையில் மணிலா (நிலக்கடலை) போட்டுக்கொண்டிருந்த 20 சென்ட்டில் இப்போது கோ-5 என்னும் தீவனப் புல் நட்டிருக்கிறேன். கரணை (தண்டுத் துண்டு) நட்டு 75 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒரு முறை. வரப்போரம் தீவனத்துக்கு வேலிமசாலும் அகத்தியும். கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் கொழுந்தாடை (கரும்பின் நுனித் தோகை) கேட்டு வாங்கிக்கொள்கிறேன். பசுந்தீவனம் வந்த பிறகு மாட்டுக்கு ஒரு கிலோ கலப்புத் தீவனம் குறைத்தும் பால் குறையவில்லை. போருக்கு அடியில் கல் அடுக்கி இடுப்பளவு பரண் கட்டியிருக்கிறேன். மல்லாட்டைக் (நிலக்கடலை) கொடியைத் தனியாகக் காயவைத்துக் கட்டி வைக்கிறேன், அது மாடுகளுக்கு உயிர்.

பாகூரிலிருந்து, நான்கு மாடுகள்:

அக்கா, உங்களுக்கு வெள்ளம், எனக்கு ஊரடங்கு.

ஒரு தனியார் நிறுவனத்தின் முகவர் வண்டியில் கேன் கட்டிக்கொண்டு வாசலுக்கே வருவார். மாடு வாங்க 30,000 ரூபாய் முன்பணமும் கொடுத்திருந்தார். சொசைட்டியை விட லிட்டருக்கு ஒரு ரூபாய் கூட. வேறு யாருக்கும் ஊற்றக் கூடாது என்பது பேச்சு. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. புதுச்சேரி ஓட்டல்கள் மூடின, டீக்கடைகள் மூடின, கடற்கரைக்கு வருகிற கூட்டம் நின்றது. நான்காம் நாள் அவர் வாசலில் நின்று, வண்டியிலிருந்து இறங்காமலே, "நாளையிலிருந்து காலைப் பால் மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரத்தில் விலையும் ஐந்து ரூபாய் இறங்கியது. மாட்டிடம் போய், சாயங்காலம் சுரக்காதே என்று சொல்ல முடியுமா?

சாயங்காலப் பாலை என் மனைவி தயிராக்கினாள். மிஞ்சியதில் வெண்ணெய் எடுத்து நெய் உருக்கினாள். இங்கே ஒரு கணக்கு சொல்ல வேண்டும், ஏனென்றால் "நெய் போட்டால் லாபம்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். நம் கலப்பின மாட்டுப் பாலில் கொழுப்பு 4 சதவீதம் என்றால், ஒரு கிலோ நெய்க்கு 25 லிட்டருக்கு மேல் பால் வேண்டும். லிட்டர் 35 ரூபாய் என்றாலே பால் மட்டும் 875 ரூபாய். விறகும் உழைப்பும் தனி. மோரை விற்க ஆள் இருந்தால்தான் நெய் கட்டுப்படியாகும். எங்களுக்குக் கைகொடுத்தது தயிர்தான். பக்கத்துத் தெருக்களில் ஐந்து வீடு, பிறகு பன்னிரண்டு, இப்போது 22 வீடு. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் செய்துகொண்டேன், நான் பதிந்தபோது ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம்.

முன்பணத்தை அடைக்க 14 மாதம் ஆனது. இப்போது காலைப் பால் சங்கத்துக்கு, சாயங்காலப் பால் வீடுகளுக்கும் ஒரு டீக்கடைக்கும். சாணியை மண்புழு உரமாக்கி நகரத்தில் மாடித் தோட்டம் போடுகிறவர்களுக்குக் கொடுக்கிறேன். முன்பணம் கொடுக்க இன்றும் ஆள் வருகிறார்கள். வாங்குவதில்லை.

பண்ருட்டியிலிருந்து, ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:

முப்பது ஆண்டுக்கும் மேலாகச் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) பெட்டியோடு இந்தப் பக்கத்துக் கிராமங்களைச் சுற்றியவன் நான். தீவனத்தையும் விற்பனையையும் சொன்னீர்கள், இரண்டும் உண்மை. ஆனால் பணம் பெரும்பாலும் ஒழுகுவது வேறு ஓட்டையில்.

ஒரு முந்திரி விவசாயி வீட்டில் 14 லிட்டர் கறக்கும் மாடு. தெருவே வந்து பார்த்துப் போகும். ஈன்று பத்து மாதம் ஆகியும் சினை நிற்கவில்லை. "பால் கறக்கிறதே ஐயா, அவசரம் என்ன?" என்றார். சாக்பீஸ் வாங்கி அவர் கொட்டகைச் சுவரில் எழுதினேன். அதை உங்களுக்கும் எழுதுகிறேன், பெரிய மாடாக எடுக்காமல் சாதாரண மாடாகவே எடுத்துக்கொள்வோம்.

300 நாள், சராசரி 8 லிட்டர், ஆக 2,400 லிட்டர். அடுத்த ஈற்று 13 மாதத்தில், அதாவது 395 நாளில் வந்தால் ஒரு நாளுக்கு 6 லிட்டருக்குச் சற்று மேல். லிட்டர் 35 ரூபாய் என்றால் நாளுக்கு 213 ரூபாய். ஈற்று 18 மாதம் தள்ளிப்போனால் சுமார் 545 நாள். கடைசியில் இன்னும் 90 நாள் 3 லிட்டர் வீதம் கறந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 2,670 லிட்டர். நாளுக்கு 4.9 லிட்டர், 172 ரூபாய். தினம் 41 ரூபாய் போகிறது. ஆறு லிட்டருக்குப் பிரித்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 7 ரூபாய். தமிழக அரசு 2023 டிசம்பர் 18 முதல் கொடுத்த ஊக்கத்தொகை லிட்டருக்கு 3 ரூபாய். அதற்காக எத்தனை ஆண்டு கேட்டோம், எத்தனை போராட்டம்! கொட்டகைக்குள் அதைப் போல இரண்டு மடங்கு போவதை யாரும் கேட்பதில்லை.

ஈன்ற 60 நாளுக்குப் பிறகு வரும் பருவத்தை, அதாவது மாடு சினைக்குக் கத்தும் நாளை, தவற விடாதீர்கள். ஒன்றைத் தவறவிட்டால் இன்னும் 21 நாள் சும்மா தீனி. காலையில் கத்தினால் மாலையில் ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலை. கோடையில் பல மாடுகள் கத்தவே கத்தாது, ஊமைப் பருவம். அதிகாலையில் சாணி அள்ளப் போகும்போது வாலடியில் கண்ணாடி மாதிரி வழும்பு தொங்குகிறதா என்று பார்ப்பவர்தான் கண்டுபிடிப்பார். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்கள்தான், ஊசி போட என்னைக் கூப்பிட்டதும் அவர்கள்தான். தாது உப்புக் கலவை தினம் 30 முதல் 50 கிராம். அந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள்.

இன்னொன்று. கறவையைப் பார்த்து மயங்கி மேட்டுப் பகுதிச் சந்தைகளிலிருந்து கறுப்பு வெள்ளை (ஹோல்ஸ்டீன்) மாடாகவே வாங்கி வருகிறார்கள். நம் கடலோரப் புழுக்கத்தில், அக்னி நட்சத்திரத்தில் அது நாக்கைத் தள்ளிக்கொண்டு நிற்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பினம் என்று நம் மாநிலத்தில் சொல்லப்படுவது காரணத்தோடுதான். வெயில் இனிக் குறையப்போவதில்லை.

குறிஞ்சிப்பாடியிலிருந்து:

சின்ன விஷயம், ஆனால் எனக்கு ஒரு மாடு போன விஷயம். காப்பீடு செய்திருந்தேன். மாடு இறந்தபோது காதில் அடையாள வில்லை இல்லை. புதரில் சிக்கி எப்போதோ அறுந்து விழுந்திருக்கிறது, நான் கவனித்தும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பணம் வரவில்லை. வில்லையில் உள்ள 12 இலக்க எண்தான் மாட்டுக்கு அடையாளம். இப்போது மாதம் ஒரு முறை எல்லா மாட்டையும் காது தெரிய நிற்கவைத்துக் கைபேசியில் படம் எடுத்து வைக்கிறேன். வில்லை விழுந்தால் அன்றே கால்நடை மருந்தகத்துக்கு ஓடுங்கள். கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட வரும்போது காதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

புவனகிரியிலிருந்து:

பாகூர் அண்ணன் சொன்ன முகவர் கதை எனக்கு வேறு வேடத்தில் நடந்தது. வேலையை விட்டுவிட்டு வந்து 12 மாடு வாங்கியவன் நான். ஒரு நாள் பணப் பட்டியலில் லிட்டருக்கு மூன்று ரூபாய் குறைந்திருந்தது. ஏன் என்று கேட்டேன். "பவுடர் விலை இறங்கிவிட்டது தம்பி" என்றார் முகவர். நான் ஊற்றுவது பால், பவுடருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று நின்றேன்.

சம்பந்தம் இருக்கிறது. பால் அதிகம் வரும் மாதங்களில் விற்றது போக மிஞ்சியதைப் பவுடராகவும் வெண்ணெயாகவும் அடித்து வைக்கிறார்கள். கிடங்கில் பவுடர் தேங்கி விலை சரிந்தால், தனியார் முதலில் கைவைப்பது கொள்முதல் விலையில். வெளிநாட்டுப் பவுடர் வந்தால் இதே கதை இன்னும் பெரிதாக நடக்கும். இப்போதைக்கு 60 சதவீத இறக்குமதி வரி வேலியாக நிற்கிறது. 2019 நவம்பரில் ஆர்செப் என்னும் ஆசிய-பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தப் பேச்சிலிருந்து இந்தியா விலகியதற்குப் பால் விவசாயிகளின் எதிர்ப்பும் ஒரு காரணம். 2025 ஜூலையில் பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தத்திலும் பால் பொருட்களைச் சேர்க்கவில்லை. அதற்காக, அந்த வேலி என்றைக்கும் நிற்கும் என்று நம்பி நான் கடன் வாங்கத் தயாராக இல்லை.

மாட்டுக்கு ஒரு பக்கம் என்று நோட்டுப் போட்டு, ஆறு மாதம் ஒவ்வொன்றின் பாலையும் தீனியையும் எழுதினேன். 12-ல் நான்கு மாடு மற்ற எட்டின் சம்பாத்தியத்தைத் தின்றுகொண்டிருந்தன. அவற்றில் ஒன்று நான் மிகவும் ஆசையாக வாங்கியது. நான்கையும் கொடுத்துவிட்டேன். பால் குறைந்தது, மாத முடிவில் கையில் நின்ற பணம் குறையவில்லை. வெளியே வட்டிக்கு வாங்கியிருந்ததை அடைக்க, கிசான் கடன் அட்டை கேட்டேன். வங்கியில் முதலில் "பயிருக்குத்தான்" என்றார்கள். கால்நடைக்கும் உண்டு என்று மூன்று முறை நடந்தேன். 2 லட்சம் ரூபாய் வரை 7 சதவீத வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான்.

ஒரு மன வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். தனியார் இரண்டு ரூபாய் கூடத் தரும்போது சங்கத்தை விட்டு ஓடுகிறோம், அவர்கள் குறைத்ததும் திரும்பி வந்து வரிசையில் நிற்கிறோம். நானும் ஓடியவன்தான். எங்கள் ஊர்ச் சங்கத்தில் பால் பாதியானபோது, வண்டி வருவதையே நிறுத்தப் பார்த்தார்கள். அந்த வண்டி நின்றிருந்தால் அன்று நான் யாரிடம் போயிருப்பேன்? இப்போது என்ன விலையானாலும் பாதிப் பால் சங்கத்துக்குத்தான். சங்கத்தின் பேரவைக் கூட்டத்துக்கும் போகிறேன். கொழுப்பும் இதர சத்தும் அளக்கும் கருவியை எங்கள் கண் முன்னால் வைத்து அளக்க வேண்டும் என்று கேட்டோம், இப்போது ஒவ்வொரு வேளையும் சீட்டு வருகிறது.

நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து, மீண்டும்:

எல்லோருக்கும் நன்றி. ஆய்வாளர் ஐயா, உங்கள் கணக்கைப் படித்துவிட்டு எழுந்து போய் என் நோட்டைப் பார்த்தேன். மூன்றாவது மாடு ஈன்று 130 நாள் ஆகிறது, இரண்டு முறை பருவம் வந்ததை எழுதியிருக்கிறேன், ஊசி போட்டதை எழுதவில்லை. போடவில்லை என்றுதான் அர்த்தம். நாளைக் காலை வாலடியைப் பார்த்துவிட்டு மருத்துவருக்குச் சொல்கிறேன்.

அந்தப் பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். நோட்டு, கணக்கு என்றதும் சிரித்தார். புல் கரணை மட்டும் கேட்டார். ஐந்து சென்ட்டுக்கு வேண்டியதைக் கொடுத்திருக்கிறேன். தை மாதம் ஆற்றுத் திருவிழா முடிந்த வாரம் எங்கள் புல்லை அடுத்த முறை அறுப்போம். முற்றிய தண்டு நிறைய இருக்கும். கடலூர், பாகூர்ப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் சாக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள், விலை வேண்டாம்.