கைக்குழந்தைகளும் சீலியாக் நோயும்: குளூட்டன் அளவு குறித்து உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். கைக்குழந்தைகளுக்குச் சீலியாக் நோய் வருவதற்கான ஆபத்துக் காரணிகளைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். கோதுமைப் புரதத்தின் பெரும்பகுதியான குளூட்டனை உண்பதால், உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே சிறுகுடலைத் தாக்குவதுதான் சீலியாக் நோய். எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 மரபணு வகைகள் இல்லாதவர்களுக்கு இந்நோய் மிக அரிதாகவே வருகிறது. அவை உள்ள குழந்தைகளிலும் பெரும்பாலோருக்கு வருவதில்லை என்பதால், வேறு எவை நோயைத் தூண்டுகின்றன என்பதே என் கேள்வி.

சுவீடனில் 1980களின் நடுவில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே இந்நோய் ஏறத்தாழ நான்கு மடங்கு பெருகி, 1990களின் நடுப்பகுதிக்குப் பின் வேகமாகக் குறைந்தது. கோதுமை உணவைத் தொடங்கும் வயது தள்ளிப்போனதும், தாய்ப்பால் நின்றபின் அந்த உணவு ஒரேயடியாக அதிக அளவில் ஊட்டப்பட்டதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஆனால் 2014இல் வெளியான இரண்டு ஐரோப்பிய ஆய்வுகள், தொடங்கும் வயதை மாற்றுவது நோயைத் தடுப்பதில்லை என்று காட்டின. மரபணு ஆபத்துள்ள குழந்தைகளைப் பல நாடுகளில் பின்தொடர்ந்து, 2019இல் வந்த டெடி (TEDDY) ஆய்வோ, முதல் ஐந்து ஆண்டுகளில் உண்ணும் குளூட்டனின் அளவு கூடினால் ஆபத்தும் கூடுவதாகக் கண்டது. அது தொடர்பைக் காட்டுகிறதே தவிரக் காரணத்தை நிறுவவில்லை; பெற்றோரை வீணாக அச்சுறுத்தும் எதையும் எழுத நான் விரும்பவில்லை.

குழுவிலுள்ள குழந்தைநல மருத்துவர்களும் உணவியல் வல்லுநர்களும் எனக்கு ஒன்றை விளக்க வேண்டுகிறேன். டெடி போன்ற ஆய்வுகளில், பெற்றோர் எழுதித் தரும் மூன்று நாள் உணவுக் குறிப்பிலிருந்து கோதுமைப் புரதத்தைக் கணக்கிட்டு, அதை 0.8ஆல் பெருக்கிக் குளூட்டன் அளவைப் பெறும் முறை, பாதி உண்டு பாதி சிந்தும் ஒரு வயதுக் குழந்தைக்கு எந்த அளவு நம்பத்தக்கது? இதைச் சோதித்த ஆய்வு எதையேனும் படித்திருந்தால் தயவுசெய்து கருத்தில் குறிப்பிடுங்கள்.