தூணில் மீன் வரைந்தால் ஆறு சுத்தமாகுமா?

கரைமேடு:
பாலத்துத் தூணில் மீன் வரைவது, பிளாஸ்டிக் பாட்டில்களைக் கோத்துத் திமிங்கிலம் நிறுத்துவது. நீர் மாசு விழிப்புணர்வு என்றாலே இதுதான். கொஞ்ச நாள் செல்ஃபி எடுப்பார்கள், அப்புறம் சாயம் வெளுத்துவிடும். கழிவுக் குழாய் அது பாட்டுக்கு ஊற்றிக்கொண்டே இருக்கும். அந்தப் பணத்தை நீர்ப் பரிசோதனைக்குக் கொடுங்கள், விதி மீறுகிறவனுக்கு அபராதம் போடுங்கள். மறுக்கிறவர்கள் வரலாம். 'கலை மனதைத் தொடும்' ரகப் பதில் மட்டும் வேண்டாம்.

தூரிகை:
மனசைத் தொடாமலே பேசுவோம். ரைன் நதி நாறிக்கொண்டிருந்த காலம். 1972-ல் ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகர அருங்காட்சியகத்தில் ஹான்ஸ் ஹாக்கே என்ற கலைஞர், சாக்கடை கலந்த ரைன் நீரைப் பெரிய கண்ணாடிக் குடுவைகளில் கொண்டுவந்து வைத்தார். ரசாயனம் சேர்த்துக் கசடைப் படியவிட்டார். தெளிந்ததைக் கரி, மணல் வழியே வடித்துத் தொட்டியில் விட்டார். அதில் தங்கமீன்கள் நீந்தின. மிஞ்சிய நீர் பின்பக்கத் தோட்டத்துக்குப் போனது. நகரம் ஆற்றில் விடும் கழிவு எவ்வளவு என்ற கணக்கும் கூடவே இருந்தது. கவனியுங்கள், அது நகரமே நடத்தும் அருங்காட்சியகம். அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே அவர்கள் சாக்கடை!

கரைமேடு:
அது சுத்திகரிப்பு நிலையத்தின் மாதிரி. அதைத்தானே நானும் கேட்கிறேன்? அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே கவலைப்படுகிறவர்கள். குழாய்க்குச் சொந்தக்காரர் டிக்கெட் வாங்கிக்கொண்டா வந்தார்?

தூரிகை:
சுத்திகரிப்பு நிலையத்தை யார் வேடிக்கை பார்க்கப் போகிறார்கள்? 2017-ல் தைவானில் மூன்று கலை மாணவர்கள் 100 இடங்களில் அழுக்கு நீரை எடுத்துக் குச்சி ஐஸாக உறையவைத்தார்கள். உருகிவிடுமே என்று ரெசின் என்ற கெட்டிப்படும் பிசினில் நகல் வார்த்து, கடை ஐஸுக்கு இருப்பது போலவே மேலுறையும் வடிவமைத்தார்கள். எச்சில் ஊறவைக்கும் பொருளுக்குள் பிளாஸ்டிக் குப்பை. எந்தப் பரிசோதனை அறிக்கை இதைச் செய்யும்?

ஆய்வக ஆள்:
நீர்ப் பரிசோதனைதான் என் பிழைப்பு என்பதால் குறுக்கே வருகிறேன். இருவரும் கண்ணுக்குத் தெரிகிற அழுக்கையே பேசுகிறீர்கள். நைட்ரேட், ஆர்செனிக், பாதரசம் எல்லாம் ஆபத்தான அளவில் இருந்தாலும் தண்ணீர் பளிங்கு மாதிரிதான் இருக்கும். குப்பையைக் காட்டுவது எளிது என்பதால் கலைஞர்கள் குப்பையை விட்டு நகர்வதில்லை. பார்க்கிறவர் 'தெளிவா இருந்தா நல்ல தண்ணி' என்று முடிவுகட்டிக்கொண்டு போவார்.

கரைமேடு:
அதேதான். ஜப்பானின் மினமாட்டா ஊரைப் பாருங்கள். ஆலைக் கழிவிலிருந்த மெத்தில் பாதரசம் மீனில் ஏறி, மீன் சாப்பிட்டவர்களின் நரம்பைத் தாக்கியது. நோய் 1956-லேயே வெளியே தெரிந்தது. ஆலைதான் காரணம் என்று ஜப்பான் அரசு ஒப்புக்கொண்டது 1968-ல். அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் கேமராவோடு போய்ச் சேர்ந்தது 1971-ல். எல்லாம் முடிந்தபின் வந்த கலை.

தூரிகை:
எல்லாம் எங்கே முடிந்தது? பாதிக்கப்பட்டவர்களின் வழக்கு அப்போதும் நடந்துகொண்டிருந்தது, தீர்ப்பு 1973-ல்தான். இடையில் 1972-ல் ஆலை ஊழியர்கள் ஸ்மித்தை அடித்துக் காயப்படுத்தினார்கள். ஒன்றுக்கும் ஆகாத கேமரா மேல் ஏன் அவ்வளவு கோபம்? ஆய்வக நண்பருக்கும் இதுதான் பதில். பாதரசம் தண்ணீரில் தெரியாது, சரி. ஸ்மித் தண்ணீரையா எடுத்தார்? முறுக்கிக்கொண்ட விரல்களை எடுத்தார்.

கரைமேடு:
வழக்கை வென்றது வழக்காடியவர்கள். அந்த விரல்களுக்கு உரியவர்களையும் நினையுங்கள். ஒரு தாய் மகளைக் குளிப்பாட்டும் படம் உலகப் புகழ் பெற்றது. பின்னாளில் குடும்பத்தின் விருப்பத்துக்காகப் பல ஆண்டுகள் அதை வெளியிடாமல் வைத்தார்கள். விழிப்புணர்வு உலகத்துக்கு, வேதனை அவர்களுக்கா? அது கிடக்கட்டும், பிரஷ் கழுவிய அக்ரிலிக் தண்ணீரை எங்கே ஊற்றுகிறீர்கள்?

தூரிகை:
படியவைத்து, கசடை உலர்த்திக் குப்பையில் போடுகிறேன். அந்தப் படத்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. தூண் மீனுக்கு வக்காலத்து வாங்கவும் நான் வரவில்லை. 'ஆற்றைக் காப்போம்' என்றால் யாரிடமிருந்து? குழாய் எங்கே இருக்கிறது என்று சொல்லாத ஓவியத்துக்கு அந்த ஆலையே பெயிண்ட் வாங்கித் தரும்.

ஆய்வக ஆள்:
குழாயைக் காட்ட வழி இருக்கிறது. 1968-ல் அர்ஜென்டினாக் கலைஞர் கார்சியா உரிபுரு ஃப்ளூரசீன் என்ற சாயத்தை ஊற்றி வெனிஸின் பெரிய கால்வாயைப் பச்சையாக்கினார். வடிகால் எங்கே போகிறது என்று பார்க்கவும் அதே சாயம்தான். சந்தேகப்படும் வடிகாலில் துளி ஊற்றிவிட்டுக் கரையில் காத்திருக்க வேண்டும். எந்தக் குழாய் வாயில் பச்சை வருகிறதோ, இணைப்பு அங்கே. ஊரைக் கூட்டிவைத்து அதைச் செய்யுங்களேன். அனுமதி வாங்காமல் மட்டும் ஊற்றாதீர்கள், குடிநீர் எடுக்கும் இடத்தில் பதறிப்போவார்கள்.

கரைமேடு:
இதற்கு நானும் வருகிறேன். ஆனால் அனுமதி கேட்டாலே விஷயம் வெளியே போய்விடும். அன்றைக்கு மட்டும் குழாயை மூடிவைத்துவிட்டு நல்லபிள்ளை ஆகிவிடுவார்கள்.

ஆய்வக ஆள்:
மூடட்டும். அன்று எடுத்த தண்ணீரையும் அடுத்த வாரம் எடுத்த தண்ணீரையும் அறிக்கையோடு பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.