ஒரே கிற்றார், வேறு கை: ஸ்டீல் கிற்றார் கேட்ட அனுபவங்கள்

திருகோணமலை உவர்மலையில் ஒரு வீட்டு மாடி. மடியில் வைத்து வாசிக்கிற ஆறு கம்பி ஸ்டீல் கிற்றார், சத்தத்தைப் பெருக்கித் தருகிற ஒரு பழைய ஆம்ப். முதலில் அந்த வீட்டுப் பெடியன் வாசித்தான். சுருதி சுத்தம், பிழை ஒன்றுமில்லை. பிறகு ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார், இளமையில் கலியாண வீடுகளில் வாசித்தவர், அதை மடியில் வாங்கினார். ஆம்பில் ஒரு குமிழைக்கூடத் திருப்பவில்லை. இரண்டு சுரம் போயிருக்கும், கீழே வாசலில் நின்ற அக்கா "மாஸ்டர் வந்திட்டாரோ?" என்று குரல் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நான் பாட்டைக் கேட்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். இந்தக் கிற்றாரில் இடக்கையில் பிடித்துக் கம்பிமேல் வழுக்குகிற உருக்குத் துண்டுதான் பார். பெடியன் அந்தப் பாரைக் கம்பியில் அழுத்திப் பிடித்திருந்தான். மாஸ்டர் பாரின் சொந்தப் பாரத்தையே வேலை செய்ய விட்டார். மோதிர விரலும் சுண்டுவிரலும் பாருக்குப் பின்னால் கம்பிகளில் படுத்தபடியே வந்தன. அந்தப் பக்கத்துக் கம்பி அதிர்ந்து எழுப்புகிற இரைச்சல் அதனால் அடங்கியது. வலக்கை, கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜை விட்டுத் தள்ளி மீட்டியது. பிரிட்ஜுக்குக் கிட்ட மீட்டினால் மேல் ஒலிகள் தூக்கலாகி, சத்தம் கூராகக் குத்தும். நடுப்பக்கம் போகப் போக உருண்டு வரும்.

பெரிய வித்தியாசம் வைப்ரேட்டோதான், அதாவது பாரை அசைத்துச் சுரத்தை ஆட்டுவது. பெடியன் சுரத்தைத் தொட்டவுடனேயே பாரை ஆட்டத் தொடங்கினான், சின்னதாக, வேகமாக. மாஸ்டர் முதலில் சுரத்தை நேராக நிற்க விட்டார். அது தேயத் தொடங்கும்போதுதான் பார் மெதுவாக, அகலமாக அசைந்தது. எந்தச் சுரத்தை எங்கே நிறுத்துவது என்பதை வலது உள்ளங்கை கம்பியில் பட்டுத் தீர்மானித்தது. கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்புகிற பிக்கப்பைப் பற்றி நாங்கள் மணிக்கணக்காகச் சண்டை பிடிக்கிறோம். பிக்கப்பும் ஆம்பும் சத்தத்தை மாற்றும்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த அக்கா ஆளைக் கண்டுபிடித்தது பிக்கப்பைக் கேட்டல்ல.

*

பதில்: அண்ணை, வீணை போன்ற கோட்டுவாத்தியம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகவே விளங்கும். அதில் சுரத்துக்கு இடம் காட்டுகிற மெட்டுக் கட்டைகளே (fret) கிடையாது, கட்டையைக் கம்பியில் வழுக்கித்தான் கமகம் வரவேண்டும். ஹவாயில் ஜோசப் கெக்குக்கு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பரப்பிய இந்தப் பார் வழுக்கும் முறையை, பிரிஜ் பூஷண் கப்ரா இந்துஸ்தானி இசைக்குக் கொண்டுவந்தார். அவரிடம் படித்த தேபாஷிஷ் பட்டாச்சார்யாவையும் கேட்டுப் பாருங்கள். அமெரிக்க ஸ்டீல் கிற்றார்க்காரர் ஜெர்ரி பேர்டைத் தவறவிடாதீர்கள். காலால் மிதித்துக் கம்பியின் சுருதியை மாற்றுகிற பெடல் ஸ்டீல் பரவிய பிறகும் பெடல் இல்லாத கிற்றாரையே வைத்துக்கொண்ட மனிதர் அவர். மிதி இல்லாததால் பாரைச் சாய்த்துப் பிடித்துத்தான் சில இசைக்கூட்டுகளை (ஒன்றாக ஒலிக்கிற சுரங்களை) எடுக்கவேண்டும்; அங்கே தெரிந்துவிடும் கை யாருடையது என்று.

ஆனால் ஒன்று. எங்கள் கடற்காற்றில், மேலே மெல்லிய கம்பி சுற்றிய தடித்த சுற்றுக்கம்பி துருப்பிடித்தால், எவ்வளவு நல்ல கையானாலும் பார் கரகரவென்றுதான் போகும். வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து வையுங்கள். இளையவர்கள் முதலில் மூன்று மாதம் வைப்ரேட்டோ இல்லாமலே பழகலாம் என்பது என் கட்சி. கிற்றார் வகுப்பு நடத்துகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். டச்சு விரிகுடாப் பக்கமோ நிலாவெளியிலோ ஸ்டீல் வாசித்த பழைய கைகளைக் கேட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள். பாட்டின் பெயர் மறந்திருந்தாலும் பரவாயில்லை, சுரத்தை எப்படி ஆட்டினார்கள் என்பதுதான் வேண்டும்.