மூளை ஆய்வும் சைபர் பாதுகாப்பும்: ஊட்டிக் கல்லூரிகளுக்கு இது வேண்டாத வேலையா?

லவ்டேல்வாசி:
என் தங்கை மகள் இங்கே ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இறுதியாண்டு. திரையில் எச்சரிக்கை வந்தும் மக்கள் ஏன் மோசடி லிங்க்கை அழுத்துகிறார்கள் என்பதைப் புராஜெக்டாக எடுத்து, உளவியல் துறையோடு சேர்ந்து செய்யக் கேட்டாள். "அது நம் பாடமே இல்லை" என்று மறுத்துவிட்டார்கள். எனக்கு இது பெரிய தவறாகப் படுகிறது.

தேயிலைத்தூள்:
மறுத்ததுதான் சரி, அண்ணா. மூளை ஆய்வு என்றால் மூளையைப் படம் பிடிக்கும் எம்ஆர்ஐ கருவி வேண்டும், அது கோடிக்கணக்கில் விலை. குன்னூரில் ஹோம்ஸ்டே நடத்தும் என் சித்தப்பாவுக்கு "இன்று இரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று எஸ்எம்எஸ் வந்தது. அதிலிருந்த எண்ணுக்கு போன் போட்டுப் பணத்தை இழந்தார். உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள் என்று சொல்லித்தர ஓர் ஆள் இருந்திருந்தால் போதும். மூளைப் படம் எதற்கு?

லவ்டேல்வாசி:
சித்தப்பாவை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனால் வங்கி அனுப்பும் எச்சரிக்கைகளை அவரும் பார்த்திருப்பார்தானே? பார்த்தும் ஏன் உறைக்கவில்லை?

அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் கணினித் துறையினரும் நரம்பியல் ஆய்வாளர்களும் சேர்ந்து இதைத்தான் ஆராய்ந்தார்கள். ஒரே எச்சரிக்கையை இரண்டாம் முறை காட்டும்போதே மூளையின் பார்வைப் பகுதிகளில் செயல்பாடு சட்டென்று இறங்கிவிடுகிறது. தோற்றத்தை மாற்றி மாற்றிக் காட்டினால் அவ்வளவு சீக்கிரம் மரத்துப்போவதில்லை. அப்புறம், 2016-இல் வெளியான ஆய்வில் கூகுள் குரோம் பொறியாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு வேலையின் நடுவே குறுக்கிடும் எச்சரிக்கையைப் பெரும்பாலோர் கண்டுகொள்வதே இல்லை. வேலை முடிந்த இடைவெளியில் வந்தால் கவனிக்கிறார்கள். மே மாத சீசனில் அறை கேட்டு வருபவர்களைச் சமாளித்துக்கொண்டே மெசேஜ் படிப்பவரை நினைத்துப் பாருங்கள்.

கேத்தி வாசகி:
எனக்கு வேறு பயம். 2012-இல் ஆக்ஸ்போர்டு, பெர்க்லி ஆய்வாளர்கள் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும், கடையில் கிடைக்கும் இஇஜி ஹெட்செட்டை ஆட்களுக்கு மாட்டி எண்களையும் வங்கிகளின் படங்களையும் காட்டினார்கள். நமக்கு முக்கியமான ஒன்றைக் கண்டதும் சுமார் 300 மில்லி விநாடியில் பி300 என்ற அலை எழும். அதை வைத்து, குருட்டாம்போக்கில் சொல்வதைவிட நன்றாகவே அவர்களுடைய வங்கியையும் பின் நம்பரின் முதல் இலக்கத்தையும் ஊகித்தார்கள். சிலி நாடு 2021-இல் மூளைத் தரவுக்கு அரசியல் சட்டத்திலேயே பாதுகாப்பு கொடுத்தது. 2023-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முன்னாள் செனட்டர் ஒருவரின் மூளைத் தரவை அழிக்கும்படி இத்தகைய ஹெட்செட் விற்கும் இமோட்டிவ் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. நம் பிள்ளைகளின் பதிவு யாருடைய கம்ப்யூட்டரில் போய்க் கிடக்கும்?

தேயிலைத்தூள்:
அக்கா கேட்பதற்கு முதலில் பதில் சொல்லுங்கள் அண்ணா.

லவ்டேல்வாசி:
நியாயமான கேள்வி. அவள் யார் தலையிலும் எதையும் மாட்டப் போவதில்லை. தமிழில் மாதிரி எச்சரிக்கைகளைக் காட்டி, எவ்வளவு நேரம் நின்று படிக்கிறார்கள் என்று பெயர் குறிக்காமல் அளக்கப் போகிறாள். அதற்கு ஒரு லேப்டாப் போதும். எதை அளப்பது என்று சொல்லத்தான் உளவியல் ஆசிரியர் வேண்டும்.

கேத்தி வாசகி:
அப்படியென்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. கலந்துகொள்பவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கட்டும்.

தேயிலைத்தூள்:
எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. காலேஜ் பிள்ளைகளை மட்டும் உட்காரவைத்து அளந்தால் சித்தப்பா வயதுக்காரர்களைப் பற்றி என்ன தெரியும்? ஹோம்ஸ்டேக்காரர்களிடமும் தோட்டத் தொழிலாளர்களிடமும் போவாளா, அதைச் சொல்லுங்கள்.