முதியோர் இல்லத்தில் சதக் காசுகள்: ஒரு புதுப்பிப்பு

சிறுவயதில் நான் சேர்த்த தபால் முத்திரைகளையும் காசுகளையும் கொண்டு கொழும்பு வெள்ளவத்தை முதியோர் இல்லமொன்றில் உள்ளவர்களோடு பழைய நினைவுகளைப் பேசலாமா என்று முன்னைய பதிவில் கேட்டிருந்தேன். பலர் முத்திரைகளையே பரிந்துரைத்தீர்கள். பார்வை மங்கியவர்களுக்கு அவை மிகச் சிறியனவாக இருந்தன. பேச்சைத் திறந்தவை காசுகளே.

சதுரமான ஐந்து சதத்தையும் விளிம்பு நெளிந்த இரண்டு சதத்தையும் கையில் கொடுத்ததும், அதிகம் பேசாத ஓர் அம்மா கண்களை மூடியபடியே விளிம்பைப் பெருவிரலால் தடவி, “இது ரண்டு சதமெல்லே” என்றார். பின்னர் பள்ளிக்கூட வாசலில் கடலை வாங்கியதையும், மிச்சக் காசைத் தம்பிக்குத் தெரியாமல் கொப்பி உறைக்குள் ஒளித்ததையும் தாமாகவே சொல்லத் தொடங்கினார்.

ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரையான நினைவுகளே முதுமையில் மிகுதியாக மேலெழுகின்றன என்று உளவியலாளர்கள் கூறுவதால், எண்பதைக் கடந்தவர்களுக்கு, சிலோன் என்ற பெயர் 1972இல் மாறுவதற்கு முந்தைய காசுகளே பொருத்தமானவை. இதனால் மறதிநோய் குணமாகாது; மனநிலையும் உரையாடலும் ஓரளவு மேம்படலாம், அதுவே எனக்குப் பெரிது.

“நினைவிருக்கிறதா?” என்று பரீட்சை வைப்பதுபோலக் கேட்காதீர்கள். காசை வாயில் போட்டுவிடாமல் அருகிலிருந்து கவனிப்பதும் அவசியம். ஓர் ஐயாவுக்கு, 1983 ஜூலை இனக்கலவரத்தில் வீட்டோடு எரிந்துபோன தமது முத்திரை ஆல்பம் நினைவுக்கு வந்தது; பேச்சை மாற்றாமல், அவர் முடிக்கும்வரை தாதியும் நானும் கேட்டுக்கொண்டிருந்தோம். அடுத்த முறை முத்திரைகளைப் பெரிதாக அச்சிட்டு எடுத்துச் செல்லவுள்ளேன்.