நுரையீரல் மடல் அகற்றம்: விலாவை விரித்துச் செய்வதா, துளை வழியாகச் செய்வதா?

குலசேகரத்திலிருந்து ஒரு மகன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 59. குலசேகரம் பக்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ரப்பர் பால்வடிப்பு வேலை செய்துவருகிறார். இருமல் விடாமல் நீடித்ததால் எடுத்த சி.டி. ஸ்கேனில், வலது நுரையீரலின் மேல் மடலில் (நுரையீரலின் பெரும் பிரிவுகளில் ஒன்று), ஓரமாக, 18 மில்லிமீட்டர் கட்டி தெரிந்தது. பயாப்சியில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது, நோய் பரவியுள்ளதா என்று உடல் முழுவதும் பார்க்கும் பெட் சி.டி. ஸ்கேனில் வேறெங்கும் பரவல் இல்லை. இளவயதில் காசநோய் வந்து முழுமையாக மருந்து சாப்பிட்டவர். பீடிப் பழக்கம் இருந்தது, நிறுத்திவிட்டார்.

நாகர்கோவிலில் பார்த்த ஒரு மருத்துவர் நெஞ்சைத் திறந்துதான் மடலை எடுக்க வேண்டும் என்கிறார். திருவனந்தபுரத்தில் பார்த்த மற்றொருவர், கேமரா உதவியுடன் சிறு துளைகள் வழியாகவே எடுத்துவிடலாம், ரோபோ முறையும் உண்டு என்கிறார். அப்பா இரண்டையும் கேட்டுவிட்டு, "பலாச்சுளை நுழையும் ஓட்டை வழியாகப் பலாப்பழத்தை எப்படி எடுப்பார்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. சிறு துளையில் நோய் மிச்சமாகிவிடாதா? திரும்பவும் அவரால் வெட்டுக்கத்தி பிடிக்க முடியுமா? மரங்கள் இலை உதிர்த்து வெட்டு நிற்கும் மாதங்கள் வரை அறுவையைத் தள்ளிவைக்கலாமா என்றும் கேட்கிறார்.

நெஞ்சக அறுவை மருத்துவர் ஒருவரின் பதில்:

உங்கள் அப்பாவின் பலாப்பழக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நுரையீரல் பலாப்பழத்தைப் போல உறுதியானது அன்று. கடற்பஞ்சு போலக் காற்றால் உப்பியிருப்பது. மயக்க மருத்துவர் இரட்டைக் குழல் கொண்ட சுவாசக் குழாயைச் செலுத்தி இடது நுரையீரலுக்கு மட்டும் காற்று கொடுப்பார். வலது நுரையீரல் காற்றிழந்து சுருங்கிவிடும். வெட்டிப் பிரித்த மடலை நெஞ்சுக்குள்ளேயே ஒரு பையில் போட்டு, பையின் வாயைச் சுருக்கி, சுமார் நான்கு சென்டிமீட்டர் வெட்டு வழியாக மெல்ல வெளியே இழுப்பார்கள். புற்றணுக்கள் வெட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காகவே அந்தப் பை.

எந்த முறையானாலும் உள்ளே நடக்கும் வேலை ஒன்றே. மடலுக்குச் செல்லும் தமனிக் கிளைகள், அதிலிருந்து திரும்பும் சிரை, காற்றுக்குழல் கிளை ஆகிய மூன்றையும் தனித்தனியே பிரித்து, ஸ்டேப்லரால் மூடி வெட்ட வேண்டும். நோய் முதலில் பரவக்கூடிய சிறு முடிச்சுகளான நிணநீர்க் கணுக்களையும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். நோய் மிச்சமாகுமா என்பதைத் தீர்மானிப்பது இந்த வேலையின் ஒழுங்குதானே தவிர, தோலில் எத்தனை துளை என்பது அன்று. பிரிட்டனில் 503 பேரை இரு பிரிவாக்கி ஒப்பிட்டு 2022இல் வெளியான வயலட் ஆய்வில், கட்டியை முழுமையாக அகற்றுவதில் துளை முறை பின்தங்கவில்லை. ஐந்தாம் வாரத்தில் உடல் இயக்கம் துளை முறையில் சிறப்பாக இருந்தது. டென்மார்க்கில் 206 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வும் வலி குறைவு என்றே காட்டியது.

வலி குறைவதற்குக் காரணம், விலா எலும்புகளை விரிக்காததுதான். வழக்கமான திறந்த முறையில் முதுகின் அகன்ற தசையை வெட்டி, விலாக்களுக்கிடையே விரிப்பானை வைத்துத் திருகுவோம். ஒவ்வொரு விலாவின் கீழ் ஓரத்திலும் ஒரு நரம்பு ஓடுகிறது. விரிப்பான் அதை நசுக்கினால் வலி மாதக்கணக்கில் நிற்கும். பால்வடிப்பவருக்கு அந்த அகன்ற தசை எவ்வளவு முக்கியம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் காசநோய் வந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். நாகர்கோவில் மருத்துவர் திறந்த முறையைச் சொன்னதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அவர் புதிய முறை அறியாதவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பழைய காசநோயால் நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம்; கணுக்கள் சுண்ணாம்பேறித் தமனியோடு இறுகியிருக்கலாம். அந்தத் தமனியில் ஒரு கிழிசல் ஏற்பட்டால் சில நொடிகளில் திரை முழுவதும் சிவப்பாகிவிடும். அப்போது உடனே நெஞ்சைத் திறப்பதே சரியான செயல். துளையில் தொடங்கித் திறப்பில் முடிந்தால் அதைத் தோல்வியாகக் கருதாதீர்கள். (நெஞ்சுக்குள் குழல் விட்டுப் பார்க்கும் முறையை 1910இல் ஸ்டாக்ஹோமில் அறிமுகப்படுத்திய ஜேக்கோபியஸ், பின்னர் அதைக் காசநோயாளிகளின் ஒட்டுகளை வெட்டவே பயன்படுத்தினார். வீடியோ வழியாக ஒரு மடலையே எடுப்பது 1990களின் தொடக்கத்தில்தான் வந்தது.)

இன்னொன்றையும் மருத்துவரிடம் கேளுங்கள்: முழு மடலையும் எடுக்க வேண்டுமா, அல்லது அதன் ஒரு கூறு மட்டும் போதுமா? இரண்டு சென்டிமீட்டருக்கு மிகாத, ஓரத்திலுள்ள கட்டிகளுக்கு ஜப்பானில் 1,106 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், கூறு மட்டும் எடுத்தவர்களில் 94.3 சதவீதமும் மடல் எடுத்தவர்களில் 91.1 சதவீதமும் ஐந்தாண்டுக்குப் பின் உயிருடன் இருந்தனர். ஆனால் அதே இடத்தில் நோய் திரும்புவது கூறு எடுத்தவர்களிடம் 10.5 சதவீதம், மடல் எடுத்தவர்களிடம் 5.4 சதவீதம். எனவே மூச்சுத்திறன் குறைந்தவருக்குக் கூறு நல்ல வழி. மற்றவர்களுக்கு இரு பக்கத்தையும் எடை போட வேண்டும்.

ரோபோ தானாக எதையும் வெட்டுவதில்லை. மருத்துவர் சற்றுத் தள்ளி அமர்ந்து அதன் கைகளை இயக்குகிறார். முப்பரிமாணக் காட்சியும் மணிக்கட்டுப் போல வளையும் கருவியும் அவருக்கு வசதி. செலவு கூடும். அதற்காகக் கடன் வாங்காதீர்கள் என்பது என் கருத்து. இலை உதிரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். புற்றுநோய் உறுதியான பின் மாதங்களைக் கடத்தக் கூடாது.

குளச்சல், ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் பதில்:

தம்பி, எனக்கு இடது கீழ் மடலைத் துளை முறையில் எடுத்தார்கள். மருத்துவர்கள் சொல்லாத இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன். துளைகளைவிட, நெஞ்சிலிருந்து தண்ணீர்ப் புட்டிக்குப் போகும் ரப்பர் குழாய்தான் என்னைப் படுத்தியது. நுரையீரலிலிருந்து காற்று கசியும் வரை, இருமினால் புட்டிக்குள் குமிழி எழும்; குமிழி நிற்கும் வரை குழாயை எடுக்க மாட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரருக்கு மூன்றாம் நாளில் எடுத்துவிட்டார்கள், எனக்கு எட்டு நாளாயிற்று. ஒவ்வொரு காலையும் செவிலியர் வந்து "டீச்சர், இருமுங்கள்" என்பார். நானும் விடைத்தாள் பார்ப்பதுபோல அந்தப் புட்டியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இரண்டாவது, வீடு திரும்பும் வழி. களியக்காவிளை தாண்டியதும் வண்டி குலுங்கிய ஒவ்வொரு முறையும் ஒரு சிறு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அதை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். மார்பின் கீழே ஒரு கை அகலத்துக்கு மரத்துப்போயிருந்தது. வறட்டு இருமலும் சில வாரங்கள் இருந்தது. இப்போது கோயில் படிகள் ஏறுகிறேன், நடுவில் ஒருமுறை நின்று.

இயன்முறை மருத்துவர், தக்கலை:

அறுவைக்கு முன்னுள்ள நாள்களை வீணாக்காதீர்கள். மூன்று உருண்டைகள் கொண்ட மூச்சுப் பயிற்சிக் கருவியை இன்றே வாங்கி, ஊதாமல் உள்ளிழுக்கச் சொல்லுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். அறுவை முடிந்த மறுநாளே, குழாயும் புட்டியும் கையில் இருக்கும்போதே, எழுந்து நடக்க வேண்டும். வலிக்குப் பயந்து கையை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டால் தோள் இறுகிவிடும். சுவரில் விரல்களால் மேல்நோக்கி ஏறும் பயிற்சியை முதல் வாரத்திலேயே தொடங்கலாம். வேலைக்குத் திரும்பும் நாளை அறுவை மருத்துவர் முடிவு செய்யட்டும். திரும்பினாலும், முதலில் கத்தியைப் பிடிப்பதோடு நிறுத்தி, பால் வாளி சுமப்பதை வேறொருவரிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியது:

டாக்டருக்கும் டீச்சருக்கும் மற்றவருக்கும் நன்றி. நேற்று திருவனந்தபுரம் சென்று, காசநோய் பற்றியும், திறந்த முறைக்கு மாற நேர்ந்தால் என்ன செய்வார்கள் என்பது பற்றியும், கணுக்கள் பற்றியும் கேட்டேன். அங்குள்ள மருத்துவர், ஒட்டு இருக்கும் என்றே எதிர்பார்ப்பதாகவும், துளையில் தொடங்கி, சிக்கலானால் தயங்காமல் திறப்பதாகவும் சொன்னார். ஊதும் பரிசோதனையில் மூச்சுத்திறன் நன்றாக இருப்பதால் முழு மடலையும் எடுக்கவே முடிவு செய்திருக்கிறார்கள். அடுத்த வாரம் சேர்க்கை. பையில் மடலைச் சுருக்கி எடுப்பதைச் சொன்னபோது அப்பா, "அப்படியென்றால் சரி" என்று மட்டும் சொன்னார். இப்போது திண்ணையில் உட்கார்ந்து கருவியை இழுத்துக்கொண்டிருக்கிறார்; இரண்டு உருண்டைகள் எழும்புகின்றன, மூன்றாவது இன்னும் அசையவில்லை.