நோட் 7 ப்ரோல லீனியேஜ் ஓஎஸ் போடலாமா, தெரிஞ்சவங்க சொல்லுங்க மக்கா

வேளிமலை:
எனக்க கையில இருக்கது ரெட்மி நோட் 7 ப்ரோ. ஆண்ட்ராய்டு 10ஓட அப்டேட் நின்னு போச்சு, ஆனா போன் நல்லாத்தான் கெடக்கு, இப்பம்தான் பேட்டரியும் மாத்துனேன் அதனால தூக்கிப்போட மனசு வரல. லீனியேஜ்னு ஆண்ட்ராய்ட வச்சு வெளி ஆளுங்க செஞ்ச ஓஎஸ போட்டா புது ஆண்ட்ராய்டு கெடைக்கும்னு கூட்டுக்காரன் சொல்லுதான். வீட்டுல கம்ப்யூட்டர் கெடையாது. மார்த்தாண்டத்துல ஒரு கடையில கேட்டா பூட்லோடர் (போன் ஆன் ஆவும்போ வேற ஓஎஸ் ஓட விடாம பூட்டி வைக்கது) எல்லாம் நாங்க தொட மாட்டோம்னுட்டாங்க. ஜியோ சிம்மு, கால் போகுமா? ஜிபே ஓடுமா?

குளச்சல்காரன்:
போடலாம் மக்கா. ஆனா மொதல்ல உனக்க போன் ப்ரோதானான்னு பாத்துக்க. நோட் 7, 7எஸ் ரெண்டுக்கும் கோட்நேம் (டவுன்லோடு ஃபைல்ல எந்த போனுக்குன்னு காட்டுற பேரு) லாவெண்டர், ப்ரோவுக்கு வயலட். பேரு ஒண்ணுபோல இருக்கேன்னு மாத்தி டவுன்லோடு பண்ணிராத, உள்ள இருக்க சிப்பே வேற.

அந்த பூட்லோடர தொறக்குற அன்லாக்தான் பெரிய பாடு. வைஃபைய ஆஃப் பண்ணி சிம் டேட்டாவுல வச்சு, செட்டிங்ஸ்ல உள்ள டெவலப்பர் ஆப்ஷன்ல மீ அக்கவுண்ட்ட (ஷாவ்மி அக்கவுண்டு) சேக்கணும், பொறவு விண்டோஸ்ல மட்டும் ஓடுற அன்லாக் டூல்ல கொண்டு மாட்டுனா, பெரும்பாலும் 168 மணிநேரம் கழிச்சு வான்னு சொல்லும். அந்த ஒரு வாரம் அக்கவுண்ட்ல இருந்து லாக் அவுட் பண்ணாத. அன்லாக் ஆவும்போ போன்ல உள்ளது முச்சூடும் அழிஞ்சிரும், போட்டோ, வாட்ஸ்ஆப் பேக்கப் எல்லாம் முன்னாலயே எடுத்து வச்சுக்க. கம்ப்யூட்டர் சொந்தமா வேண்டாம், யாருகிட்டயாவது லேப்டாப் வாங்குனா போதும்.

ரப்பர்தோட்டம்:
அண்ணன் சொன்னதுக்கு மேல ஒண்ணு. ரெக்கவரிய (ஓஎஸ் ஏத்துறதுக்கு உள்ள சின்ன மெனு) ஃப்ளாஷ் பண்ணுனதும், அதாவது போன்ல எழுதுனதும், போன சாதாரணமா ஆன் ஆக விடாத, வால்யூம் அப்பும் பவரும் சேத்து அமுக்கி நேரா ரெக்கவரிக்கு போயிரு, இல்லேன்னா பழைய ரெக்கவரி திரும்ப வந்து உக்காந்துக்கும். டேட்டாவ ஃபார்மேட் பண்ணிட்டு சைட்லோடு, அதாவது கம்ப்யூட்டர்ல இருந்து வயர் வழியா ரோம (லீனியேஜ் ஃபைல) ஏத்து. கம்ப்யூட்டர்ல 47 சதவீதத்துல நிக்கும், பயந்து வயரப் புடுங்காத, ரோம் நல்லா ஏறுனாலும் பலதடவ அங்கனதான் நிக்கும். போன் ஸ்கிரீனப் பாரு, அதுதான் கணக்கு. ப்ளே ஸ்டோர் வேணும்னா ஜிஆப்ஸையும் (கூகுள் ஆப்புக தொகுப்பு) அப்பமே போட்டுரணும், ஒரு தடவ ஆன் ஆன பொறவு போட்டா தகராறுதான்.

தக்கலை_பையன்:
எல்லாரும் போடு போடுன்னு சொல்லுதீங்க, அவன் கேட்டது கால் போகுமா ஜிபே ஓடுமான்னுலா. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கெடையாது, அதனால வோல்டிஇ (4ஜி வழியா கால் பேசுறது) ஓடலன்னா கால் கெடையாது, நெட்டுதான் இருக்கும். வயலட்டுக்கு போடப்போற அதே வெர்ஷன்ல வோல்டிஇ ஓடுதான்னு போட்டவங்ககிட்ட கேட்டுட்டு எறங்கு. ஜிபேய நம்பாண்டாம். ரூட் பண்ணலன்னாலும் (போன்ல முழு அதிகாரம் எடுக்கலன்னாலும்) பூட்லோடர் தொறந்து கெடக்கது கூகுளோட ப்ளே இன்டெக்ரிட்டி சோதனைக்கு தெரியும், பேங்க் ஆப்பு பலதும் அதப் பாத்துதான் விடும். மேஜிஸ்க்னு ரூட் பண்ணுற ஆப்பு ஒண்ணு போட்டு மறைக்கலாம்பாங்க, இன்னைக்கு ஓடும், அடுத்த அப்டேட்ல படுத்துரும். பெட்ரோல் பங்குல நின்னுட்டு முழிக்கணுமா? ஒரே போன்தான்னா நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

வேளிமலை:
அம்மைக்க பழைய போன் ஒண்ணு சும்மா கெடக்கு, ஜிபேய அதுல வச்சா போதும்லா?

தக்கலை_பையன்:
அப்பம் செரி. ஆனா பேங்குல குடுத்த நம்பர் சிம் அந்த போன்லதான் கெடக்கணும், இல்லேன்னா யுபிஐ ரிஜிஸ்டரே ஆவாது கேட்டியா. உனக்க நோட் 7 ப்ரோல வேற சிம் ஒண்ணு போட்டுக்க.